ரேகை விழாத விரல்

இன்னும் ஆறு பேரு. ஆறாவது ஆளு எந்திரிச்சா அடுத்தது நான். கையில டோக்கன் முப்பத்தேழு. மூணாவது மாடி மீட்டிங் ரூம்ல ஏசியைப் பதினெட்டுல வெச்சிருக்கானுவ, அப்படியும் உள்ளங்கை எரியுது, மிளகா அரைச்சுட்டுக் கை கழுவாம விட்ட மாதிரி. பேசாம நில்லு ஷைலா. இங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சதெல்லாம், மார்ச்சுல ஷைலா மேடத்துக்கு ஹெர்னியா ஆபரேஷன், ஒரு மாசம் லீவு, அவ்வளவுதான். ஹெர்னியாவாம்! குடல்ல ஒரு சாண் வெட்டி எடுத்தாச்சு, மிச்சம் மீதி ஒட்டியிருந்தா அதைச் சாவடிக்க மாத்திரை. பதினாலு நாள் காலையும் ராத்திரியும் முழுங்கணும், ஏழு நாள் சும்மா இருக்கணும், மறுபடி பதினாலு நாள். இது அஞ்சாவது சுத்து. இந்த மாத்திரைக்கு முடி அவ்வளவா கொட்டாதும்மான்னு டாக்டரம்மா சொன்னப்ப நான் சிரிச்சேன், பக்கத்துல உக்காந்திருந்த ராபின்சன் கர்ச்சீப்ப எடுத்து மூக்கத் துடைச்சாரு. கட்டின புருஷன் அழறாரு, நான் சிரிக்கேன். முடி கொட்டலன்னா ஆபீஸுக்குத் தெரியாது. ஆபீஸுக்குத் தெரியலன்னா செப்டம்பர் ஒண்ணாந்தேதி தகவல் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைவி நான்தான், பதினெட்டு வருஷம் இந்தக் கம்பெனில நாயா அலைஞ்சதுக்கு அந்த நாற்காலி என்னுது. தெரிஞ்சா என்ன ஆவும்னு ராமபத்ரன் சார்ட்ட கேக்கணும். நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சுட்டு வந்த மனுஷனைப் பூச்செண்டு குடுத்து வரவேத்து, "நீங்க ரெஸ்ட் எடுங்க சார், ஆலோசனை சொன்னா போதும்"னு ஜன்னலோரமா ஒரு மேசையில உக்கார வெச்சானுவ. ஒருத்தரும் ஆலோசனை கேக்கல. நாலே மாசத்துல அவரே எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. எனக்கு அந்தப் பூச்செண்டு வேண்டாம். முடி அப்படியே இருக்கு, நேத்து ரெண்டு முழம் பிச்சிப்பூ கூட வெச்சிட்டு வந்தேன். ஆனா விரல் ரேகை போயிருச்சு. அதை ஒருத்தரும் முன்கூட்டிச் சொல்லல. சொல்லியிருப்பாங்க, நான்தான் முடியோட நிறுத்திக்கிட்டேன்.

டிங். ஒருத்தி எந்திரிச்சா. அஞ்சு. அந்த டிங் சத்தத்தைத் தேர்ந்தெடுத்தவளும் நான்தான், மூணு சத்தம் போட்டுக் காமிச்சாங்க, இது கோயில் மணி மாதிரி நல்லாருக்குன்னு சொன்னேன். சவம், இப்ப ஒவ்வொரு டிங்குக்கும் ஆளை எண்ணிட்டிருக்கேன். மேசைக்கு அந்தப்பக்கம் தண்டபாணி, லேப்டாப் சப்ளை பண்ற கம்பெனியோட சர்வீஸ் எஞ்சினியர், அம்பது வயசு, நெத்தியில பட்டை, ஒவ்வொருத்தர்ட்டயும் ஒரே வார்த்தை: "பவர் பட்டன் மேல விரலை வைங்க, அழுத்தாதீங்க, எடுங்க, மறுபடி வைங்க." ஒரு பட்டன், அம்பது காசு அளவு. அதுக்கடியில ஆளோட விரல் மேடும் பள்ளமும் அளந்து பாக்கற தகடு. அளந்ததை உள்ள ஒரு சிப்பு வாங்கி வெச்சுக்கும், வெளிய குடுக்கவே குடுக்காது, போலீஸ் கேட்டாலும் குடுக்காது, செஞ்ச கம்பெனியே கேட்டாலும் குடுக்காது. இதை எத்தனை கூட்டத்துல நின்னு பேசியிருப்பேன்! பின் நம்பரைத் திருடலாம், பாஸ்வேர்டை எட்டிப் பாக்கலாம், விரலை யாரு திருடுவா, உங்க விரல்தான் நீங்கன்னு. கைதட்டினானுவ. நான் ஒண்ணும் சும்மா பேசல. போன வருஷம் இந்த ஆபீஸ்ல பாதிப் பேரு பின் நம்பரு ஒண்ணு ரெண்டு மூணு நாலு. மீதிப் பேரு ஸ்கிரீன்லயே எழுதி ஒட்டி வெச்சிருந்தானுவ. நம்ம வேலை ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் காகிதம் பாக்கற வேலை, எவன் எவனுக்கு என்ன சீக்குன்னு எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. எவனோ அடுத்தவன் பின் நம்பரைப் போட்டுத் திறந்து, ஒரு பொண்ணோட கருக்கலைப்புக் காகிதத்தை அவ மாமனாருக்கு அனுப்பி வெச்சான். அந்தப் பொண்ணு ரிசப்ஷன்ல வந்து நின்ன நிலை இன்னும் எனக்கு ஓர்மை இருக்கு. அன்னைக்கு ஏறின வெறிதான் இந்த விதியெல்லாம். விதி ஒண்ணு, ரெண்டு, மூணு எல்லாம் சரி. விதி நாலு: பின் நம்பரோ வேறு மாற்று வழியோ எவருக்கும் அனுமதி இல்லை. ரேகை பதியாதவர் லேப்டாப் தேவைப்படாத பிரிவுக்கு மாற்றப்படுவார். மேலாளர் உட்பட. அந்த "மேலாளர் உட்பட"வை நான்தான் கையால சேத்தேன், நாளைக்கு எவனும் சலுகை கேட்டு வரக்கூடாதுன்னு. தண்டபாணி அன்னைக்கே தலையச் சொறிஞ்சாரு: "மேடம், சிலருக்கு விரல் எடுக்காதுங்க, லேப்டாப்புல சொருகிக்கிற மாதிரி குட்டிச் சாவி ஒண்ணு இருக்கு, அதையும் வெச்சுக்கலாம்." அது பாதுகாப்புல ஓட்டைன்னு சொல்லி அடிச்சுப் போட்டேன். இன்னைக்கு மதியம் ஒரு மணியோட பழைய பின் நம்பர் எல்லாம் செத்துரும்.

முன்னால நிக்கற கோபிநாத் திரும்பி, "என்ன மேடம், நீங்களே வரிசையிலயா, உங்களுக்கெல்லாம் தனியா ரூமுக்கே வந்து பதிய மாட்டாங்களா?"ங்கிறான். சட்டம் போட்டவளே மீறலாமா கோபின்னு சிரிச்சேன், சிரிச்சதுல உதட்டோரம் வெடிச்சது, அதுவும் மாத்திரை வேலைதான். நாலு பேரு. கையை எங்க வெச்சுக்கறது? சேலைத் தலைப்புக்குள்ள வெச்சா குளிர்ற மாதிரி இருக்கும், அதான் நல்லது. முதல்ல காட்டிக் குடுத்தது போன்தான். காலையில காப்பி போட்டுட்டுப் போனைத் திறக்க விரலை வெச்சா, திறக்கல. துடைச்சு வெச்சேன், திறக்கல. தண்ணின்னு நெனச்சேன், மாவுன்னு நெனச்சேன், போன் பழசாச்சுன்னு திட்டினேன். மூணு நாள் கழிச்சுத்தான் ஜன்னல் வெளிச்சத்துல விரலைப் பாத்தேன். பளபளன்னு இருக்கு, சவ்வரிசி வெந்த மாதிரி, ஒரு கோடு இல்ல. நாப்பத்தாறு வருஷம் கூடவே வந்தது, பால்குடிச்சப்ப இருந்தது, பரீட்சை எழுதினப்ப இருந்தது, தாலி கட்டினப்ப இருந்தது, ஒரு வார்த்தை சொல்லாம போச்சு. அன்னைக்குத்தான் எனக்கு அழுகை வந்துது. குடலை வெட்டினப்ப வரல. அப்புறம் அழுகையைத் துடைச்சுப் போட்டுட்டு என்னவெல்லாம் பண்ணேன் தெரியுமா? தேங்காயெண்ணெய் தடவினேன், வாசலின் தடவினேன், பனிக்கட்டியில முக்கி வெச்சேன், எலுமிச்சம்பழம் தேச்சு எரிச்சல் தாங்காம பாத்ரூம்ல குதிச்சேன். பத்து விரலையும் வெச்சுப் பாத்தாச்சு. கடைசியில நேத்து ராபின்சன், "கால் விரலைப் பதிஞ்சா என்ன ஷைலா?"ன்னாரு. மீட்டிங்ல நான் செருப்பைக் கழட்டிட்டுக் காலைத் தூக்கி மேசையில வைக்கணுமான்னு கேட்டேன், ரெண்டு பேரும் அடக்க முடியாம சிரிச்சோம், சிரிச்சு முடிச்சுட்டு அவரு என் பாதத்தைத் திருப்பிப் பாத்தாரு. அங்கயும் தோல் உரிஞ்சிதான் கெடந்தது. மாத்திரை நிறுத்தினா சில மாசத்துல ரேகை திரும்ப வரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஒரு மணிக்கு வருமா? வராது. டிங்.

மூணு பேரு. இந்த எண்ணெய், வாசலின் யோசனையெல்லாம் எங்கிருந்து வந்துச்சு எனக்கு? நானே எழுதின குறிப்புச் சீட்டுலருந்து. ரேகை பதியவில்லையா, கையைக் கழுவித் துடையுங்கள், எண்ணெய் தடவுங்கள், பொறுமையாக இருங்கள். அந்தச் சீட்டை முதல்ல நீட்டினது அமுதாட்ட. வேண்டாம், இப்ப அவளை நெனைக்காதே. நெனைக்காம எப்படி? ரெண்டாம் மாடியில கிளெய்ம் பதிவு பண்ற பொண்ணு, முப்பத்திரெண்டு வயசு, சோதனைக்காக அவங்க மாடிக்குத்தான் முதல்ல லேப்டாப் குடுத்தோம். எல்லாருக்கும் டிங், அவளுக்கு மட்டும் சிவப்பு விளக்கு. ஆபீஸ் வர்றதுக்கு முன்னால ரெண்டு வீட்டுல பாத்திரம் தேய்க்கறேன் மேடம், சோப்புத் தூளு, ஸ்டீல் நாரு, அதனால தேஞ்சிருக்கும், எனக்கு மட்டும் பழையபடி பின் நம்பர் குடுங்க, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னா. நான் என்ன சொன்னேன்? சொல்லு ஷைலா, இப்ப உனக்குள்ளதான சொல்ற, யாருக்குக் கேக்கப் போவுது, என்ன சொன்ன? "ஒரு வாரம் பாத்திரம் தேய்க்காம இருங்க அமுதா, தானா வந்துரும்"னு சொன்னேன். ஒரு வாரம் பாத்திரம் தேய்க்காம இருக்க முடிஞ்சவளா அவ? அவ கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னா. விதி நாலுப்படி கீழ்த்தளத்துல காகிதம் ஸ்கேன் பண்ற இடத்துக்கு மாத்தினோம். ஏழு வருஷமா கம்ப்யூட்டர்ல வேலை பாத்தவ, காகிதத்துல ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிப் பிடுங்கி அடுக்கினா. பத்து நாள்ல நின்னுட்டா. ஃபைல்ல நான்தான் கையெழுத்துப் போட்டேன், சொந்தக் காரணம்னு. அவ கையைப் பின்னால கட்டினா, நான் தலைப்புக்குள்ள வெச்சிருக்கேன். சே. என்ன மனுஷி நான்! அதுவும் யாரு வயித்துல பொறந்துட்டு!

ஞானப்பூ வயித்துல பொறந்துட்டு. எங்கம்மைக்கும் ரேகை கெடையாது. குழித்துறைப் பக்கம் அண்டியாபீஸ்ல முந்திரி உடைக்கிற வேலை, பதிமூணு வயசுலருந்து. அண்டித் தோடுல, அதான் கொட்டை ஓட்டுல, உள்ள கறை சாமானியப்பட்டதில்ல, பட்ட எடம் வெந்து கறுத்து உரியும், சாம்பலைப் பூசிட்டு உடைப்பாங்க, அப்படியும் வேகும். முப்பது வயசுக்குள்ள அம்மை விரலு பத்தும் கரிக்கட்டை. நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போது ஒரு மூணு சென்ட் எடம் அவ பேருக்கு எழுதறதுக்காகப் பத்திர ஆபீஸுக்குப் போனோம். கைநாட்டு வையின்னு மையில அமுக்கி உருட்டினாரு அங்க உள்ள கிளார்க்கு. காகிதத்துல கறுப்பா ஒரு பொட்டு, அவ்வளவுதான். துடைச்சு உருட்டினாரு, மறுபடி பொட்டு. கோடு எங்கம்மா, விரல்ல என்னத்தத் தடவிட்டு வந்த, ஆள் மாறாட்டம் பண்ண வந்தியான்னு எல்லாரும் கேக்கக் கத்தினாரு. மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க. கைநாட்டுன்னு ஊர்ல ஏசுவாங்களே, எங்கம்மைக்கு அந்தக் கைநாட்டுக்கும் வழியில்ல! மூணாந்தடவை வந்த அன்னைக்கு அம்மை அழல. காலண்டர் தாளைக் கிழிச்சுத் திருப்பிப் போட்டு, "மக்ளே, எனக்க பேரை எழுது, பாக்கட்டும்"ன்னா. ஞானப்பூ. எடுத்த எடுப்புலயே ஞ, எங்க டீச்சருக்கே அது கோணும். வெந்த விரலுல பென்சில் நிக்காது, வழுக்கும், துணியைச் சுத்திப் பிடிச்சா. ரெண்டு மாசம், காலண்டர்ல அந்த வருஷம் தீந்து போச்சு. நாலாந்தடவை போனப்ப அந்த ஆளு மைப்பெட்டியை நீட்டினாரு, அம்மை அதைத் தள்ளி வெச்சா. "எனக்கு எழுதத் தெரியும் சாரே, பேனாவத் தாரும்." ஒவ்வொரு எழுத்தா எழுதினா. வரிசையில நின்ன ஒரு ஆளு, சீக்கிரம் ஆவட்டும், ஜோலி கெடக்குன்னு முணுமுணுத்தான். அம்மை தலையைத் தூக்கிப் பாத்துச் சொன்னா, "நின்னா காலு ஒண்ணும் ஒடிஞ்சி போவாது, நில்லும்." நான் வெக்கத்துல செத்தேன் அன்னைக்கு. ஒன்பது வயசு, எனக்கு என்ன தெரியும்? அம்மை சாவற வரைக்கும் எந்தக் காகிதத்துலயும் விரலை வைக்கல, ஆஸ்பத்திரியில கூடப் பேனா கேட்டா. அவ மக நான் விதி எழுதறேன், உங்க விரல்தான் நீங்கன்னு. விரல்தான் ஆளுன்னா அப்ப எங்கம்மை யாரு, இல்லாத ஆளா?

டிங். கோபிநாத் எந்திரிச்சுக் கட்டை விரலைத் தூக்கிக் காமிச்சுட்டுப் போறான், பரீட்சையில பாஸான மாதிரி. நடுவுல ரெண்டு பேரு எப்ப போனாங்கன்னு தெரியல. நாற்காலி இன்னும் சூடா இருக்கு. "வாங்க மேடம்"னு தண்டபாணி புது லேப்டாப்பை எம் பக்கம் திருப்பறாரு. விரலை வைங்க, அழுத்தாதீங்க. வெச்சேன். சிவப்பு. எடுங்க, மறுபடி வைங்க. சிவப்பு. அடுத்த விரல். சிவப்பு. அவரு திரையைப் பாக்காம என் கையைப் பாக்கறாரு, பாத்துட்டுக் குரலை இறக்கி, "எங்க மச்சினிக்கு இப்படித்தாங்க ஆச்சு, அந்த மாத்திரை சாப்பிட்டப்ப"ங்கிறாரு. தெரிஞ்சு போச்சு. இத்தனை மாசம் பொத்திப் பொத்தி வெச்சதை ஒரு பட்டன் சொல்லிருச்சு. பின்னால பதினஞ்சு பேரு நிக்கறாங்க, திரும்பாதே. அவரு இன்னும் தணிவா, "ஒண்ணு பண்ணலாங்க மேடம். என் விரலைப் பதிஞ்சுடறேன். அதால லேப்டாப் திறந்துரும், திறந்த பிறகு நீங்களே உங்க வீட்டுக்காரர் விரலையோ, யார் விரலையோ சேத்துக்குங்க. டிங்னு சத்தம் வந்துரும், ஒருத்தருக்கும் தெரியாது. அந்தச் சிப்பு யாரு விரல்னு வெளிய சொல்லாதுங்களே." ஆமா, சொல்லாது. அதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னவளே நான்தான. அடுத்தவர் விரலைப் பதிந்தால் வேலை நீக்கம், விதி ரெண்டு, அதையும் எழுதினவ நான்தான். நல்ல மனுஷன், உதவின்னு நெனச்சுத்தான் கேக்கறாரு. ஒரு டிங்குக்குச் செப்டம்பர் ஒண்ணு, நாற்காலி, எல்லாம் கெடைக்கும். ராபின்சன் விரலை வெச்சு வீட்டுல இருந்தே வேலை பாக்கலாம், ஆபீஸ் வர்ற அன்னைக்கு ஏதாவது சாக்கு. அவரு கையை நீட்டிட்டாரு, விரலு பட்டன் மேல ஒரு அங்குலத்துல நிக்குது. அமுதாவுக்கு இப்படி ஒருத்தர் விரலை நீட்டினாரா? நீட்டியிருந்தா நானே பிடிச்சுக் குடுத்திருப்பேன்.

"வேண்டாங்க தண்டபாணி, கையை எடுங்க." என் குரல் எனக்கே பெருசாக் கேக்குது. "ரேகை பதியாத ஃபார்ம் இருக்குல்ல, அதைக் குடுங்க." அவரு மேசைக்கு அடியிலருந்து எடுக்கறாரு, நான் அச்சடிச்ச ஃபார்ம். ஒவ்வொரு ஃபார்மும் ஒரு மணிக்கு எல்லா டைரக்டருக்கும் போவும், அதுவும் நான் வெச்ச முறைதான். காரணம்ங்கிற எடத்துல மூணு கட்டம்: ஈரம், அழுக்கு, காயம். நான் மூணும் இல்ல. எங்கம்மை மூணும் இல்ல. அமுதாவும் இல்ல. பேனாவை எடுத்தேன், உரிஞ்ச தோலுல அது வழுக்குது, கர்ச்சீப்பைச் சுத்திப் பிடிச்சேன். மூணு கட்டத்துக்கும் குறுக்க ஒரு கோடு. கீழ எழுதறேன், பைய, எழுத்து எழுத்தா, ஆட்டம் இல்லாம: எனக்கு மார்ச்சில் நடந்தது ஹெர்னியா அல்ல, குடல் புற்றுநோய். மாத்திரையில் ரேகை போய்விட்டது. நான் போகவில்லை. விதி நாலு தப்பு, எழுதியவள் நான், இன்றே எடுக்க வேண்டும். சாவி கொடுத்தால் போதும், முதல் சாவி அமுதாவுக்கு, அவளைக் கூப்பிடப் போவது நான். ஜன்னலோர மேசை எனக்கு வேண்டாம். தலைவி பதவிக்கு என் பெயர் அப்படியே இருக்கட்டும், எடுப்பதானால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். பயமா இருக்கா? இருக்கு. வயித்துல தையல் போட்ட எடம் இழுக்குது, விரல் நுனியில ரத்தம் கசிஞ்சு கர்ச்சீப்புல ஒரு பொட்டு. இருக்கட்டும். பேனாவை வைக்கல, என்னை வேலையை விட்டு வெளிய தள்ளினாலும் அமுதா வீட்டு வாசல்ல போய் நிப்பேன், அவ கதவைச் சாத்தினா சாத்தட்டும், சாத்தத்தான் செய்வா. பின்னால எவனோ பொறுமை போய், "என்ன மேடம், லேட்டாவுது, ஒரு விரலை வைக்க இவ்வளவு நேரமா?"ங்கிறான். நான் கையெழுத்துப் போடற எடத்துக்கு வந்துட்டேன். எப்பவும் போடற கிறுக்கல் இல்ல, முழுப் பேரு, ஞானப்பூ ஷைலா, அம்மை பேரு முன்னால. அந்த ஞ கோணாம வரணும். தலையைத் தூக்கி, வரிசை மொத்தத்துக்கும் கேக்கற மாதிரி, எங்க ஊர் பேச்சுலயே சொன்னேன்: "நின்னா காலு ஒண்ணும் ஒடிஞ்சி போவாது. நில்லுங்க."